புரியவில்லை, அப்பச்சி

"அப்பச்சிக்கு சோமசுந்தரம் அநேக வணக்கம். நானும் ஆத்தாவும் சுகம். தாங்கள் அனுப்பிய விடை வந்து சேர்ந்தது. புரியவில்லை."

முருகப்பச் செட்டியார் கடிதத்தை இறக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, எழுதியவனின் தகப்பன் முத்துவீரப்பனைப் பார்த்தார். கூடத்தில் இருந்த மற்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

"அவ்வளவுதானா அண்ணே?"

"அவ்வளவுதான். 'புரியவில்லை'க்குக் கீழே கோடு வேற இழுத்திருக்கான்."

முத்துவீரப்பனுக்குக் காது சிவந்தது.

பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கி ஒரே நீளக் கூடம். செட்டிநாட்டிலிருந்து தொழிலுக்கு வந்த பத்துப் பேர் அங்கே ஆளுக்கொரு மரப்பெட்டி, ஆளுக்கொரு பாய் என்று வரிசையாக இருந்தார்கள். ஊர்க் கடிதங்கள் எல்லாம் ஒரே உறையில் மூத்தவரான முருகப்பச் செட்டியார் பெயருக்கு வரும். அவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேரும் கேட்பார்கள். அது அவர்கள் பாட்டன் காலத்து வழக்கம்.

அதனாலேயே ஊரிலிருந்து வரும் கடிதங்களில் மழை பெய்தது இருக்கும், பசு கன்று போட்டது இருக்கும், பெரியவர்களின் முழங்கால் வலி இருக்கும். பெண்டாட்டி புருஷனுக்குச் சொல்ல நினைத்தது ஒன்றும் இருக்காது. இங்கிருந்து போகும் கடிதமும் அப்படித்தான். 'இவ்விடம் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். பையனை நன்றாகப் படிக்கச் சொல்லவும். பனியில் நிற்க வேண்டாம்.' பதினாறு வருஷமாக முத்துவீரப்பன் தன் மனைவி நாச்சம்மைக்கு எழுதியது இந்த நாலு வரிதான். பக்கத்துப் பாய்க்காரரும் தம் மனைவிக்கு இதையேதான் எழுதினார். உறை மாறிப் போயிருந்தாலும் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்திராது.

இந்த ஆவணியில்தான் மகன் சோமு முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்றை எழுதி, விடை கேட்டிருந்தான். இரண்டு ஊர்களுக்கு நடுவே முப்பது மைல். ஓர் ஊரிலிருந்து ஒருவன் மணிக்கு மூன்று மைல் வேகத்திலும், மற்ற ஊரிலிருந்து இன்னொருவன் மணிக்கு இரண்டு மைல் வேகத்திலும் எதிரெதிரே நடக்கிறார்கள். எப்போது சந்திப்பார்கள்?

முத்துவீரப்பன் மனக்கணக்கில் புலி. 'ஆறு மணி நேரம்' என்று எழுதி அனுப்பிவிட்டான். அதற்குத்தான் இந்தப் 'புரியவில்லை'.

"பங்குனியிலே பரீட்சை," என்றார் முருகப்பச் செட்டியார். "நாலாம் பாரத்துக் கணக்கிலே தேறலேன்னா என்ன ஏற்பாடுன்னு உனக்கு ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? தேறாவிட்டால் பையனைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கப்பலேற்றுவது என்று சோமுவின் அய்யா, அதாவது முத்துவீரப்பனின் தகப்பனார், ஊரில் முடிவு செய்திருந்தார். முத்துவீரப்பனும் பதின்மூன்று வயதில் அப்படி ஏறியவன்தான். மூன்று வருஷம் பினாங்கு, ஒரு வருஷம் ஊர், மறுபடி மூன்று வருஷம் பினாங்கு. சோமுவுக்கு இப்போது வயது பதினாலு. அதில் தகப்பனும் மகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது எவ்வளவு காலம் என்று ஒருநாள் கூட்டிப் பார்த்தான். மூன்று வருஷம், இரண்டு மாதம். எந்தக் கணக்கையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன், அதை மட்டும் சரிபார்க்கவில்லை.

தன் தலையெழுத்து தன்னோடு போகட்டும். பையன் படித்து, ஊரிலேயே ஓர் உத்தியோகம் பார்த்து, கட்டியவள் கையால் தினம் சாப்பிடட்டும். முத்துவீரப்பனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"புரிய வச்சிடறேன் அண்ணே," என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, உட்கார்ந்து பார்த்தால் பேனா ஓடவில்லை. சின்ன வயதில் எண்சுவடியை ராகம் போட்டுப் பாடிப் படித்தவன் அவன். விடை வாய்க்கு வந்துவிடும், வழி வராது. 'ஏன் ஆறு?' என்று கேட்டால், 'ஆறுதானே!' என்பதற்கு மேல் அவனுக்குப் பதில் தெரியாது.

ஆகவே, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தும் அய்யாக்கண்ணு வாத்தியாரைத் தேடிப் போனான். வாத்தியார் அவனைப் பெஞ்சியில் உட்கார வைத்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடந்தது. இரண்டு தடவை கையை நீட்டச் சொல்லிப் பிரம்பையும் ஓங்கிவிட்டு, முப்பத்தாறு வயது ஆள் என்பது நினைவு வந்து கீழே வைத்தார்.

நேரத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்வதில் தொடங்கி, இரண்டு பக்கத்துக்கு விளக்கம் போயிற்று. கப்பல் போய், கப்பல் வந்தது.

"'தாங்கள் சொன்னபடி நேரத்தை எக்ஸ் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் புரியவில்லை. நடக்கிற இரண்டு பேரும் யார்? எந்த ஊர்? வெயிலில் ஏன் நடக்கிறார்கள்? வண்டி கிடைக்காதா?'" என்று படித்து நிறுத்தினார் முருகப்பச் செட்டியார்.

"இவன் கணக்குக் கேக்கிறானா, மாப்பிள்ளை விசாரிக்கிறானா?" என்றார் ஒருவர். கூடம் குலுங்கியது.

அய்யாக்கண்ணு வாத்தியார் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "செட்டியாரே, முப்பது வருஷமா வாத்தியார் வேலை பாக்கறேன். வண்டி கிடைக்காதான்னு எவனும் கேட்டதில்லே. இது என் கைக்கு மீறின கேஸ்."

முத்துவீரப்பன் சோர்ந்துபோய்ப் படகுத்துறைப் பக்கம் நடந்தான். அங்கே சரக்கு அளந்து குறிக்கும் குமாஸ்தா அப்துல் காதர் அவனுக்குப் பல வருஷப் பழக்கம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர், நல்ல சரீரம்.

"இதுக்கா அண்ணே முகத்தைத் தொங்கப் போடறீங்க?" என்றார் காதர். "பேரில்லாத ஊரு, பேரில்லாத ஆளுன்னா புள்ளைக்கு எப்படி மனசிலே நிக்கும்? நீங்களும் நானுமே நடந்துருவோம்லா! இங்கேருந்து ஆயர் ஈத்தாம் அஞ்சு மைலு. நீங்க இந்தப் பக்கமிருந்து மணிக்கு மூணு மைலு நடங்க. நான் அந்தப் பக்கமிருந்து ரெண்டு மைலு. சரியா ஒரு மணி நேரத்திலே சந்திக்கணும். அதை அப்படியே எழுதுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, இரவல் கடிகாரத்தோடு முத்துவீரப்பன் புறப்பட்டான். இரண்டாவது மைலில் மழை பிடித்தது. காற்றில் குடை மேல்நோக்கி மலர்ந்து, கம்பி இரண்டு ஒடிந்தது. மூன்றாவது மைலில் காதர் இல்லை. ஐந்து மைலும் நடந்து தெப்பமாக ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்ந்தான். அங்கும் காதர் இல்லை. டிராமில் திரும்புகிற வழியில் பார்த்தால், ஒரு மைலிலேயே ஒரு சீனன் காப்பிக்கடைக்குள் காதர் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"மழை வந்துருச்சே அண்ணே!" என்றார்.

என்ன செய்ய? நடந்ததை நடந்தபடி எழுதினான். புறப்பட்ட இடம், வழியில் பார்த்த தென்னந்தோப்பு, சீனன் கோயில் கோபுரம், மழை, ஒடிந்த குடை, ரொட்டி தின்ற காதர். மழை மட்டும் வராதிருந்தால் ஒரு மணி நேரத்தில் சந்தித்திருப்போம் என்று முடித்தபோது நாலு தாள் ஆகியிருந்தது. போகிற கடிதத்தையும் முருகப்பச் செட்டியார் ஒரு பார்வை பார்த்துத்தான் உறையில் போடுவார். ஆனால் 'கணக்கு' என்று தலைப்பைக் கண்டதும் கொட்டாவி விட்டு மடித்துவிட்டார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக முத்துவீரப்பன் எழுதியதை வேறொருவர் படிக்காமல் ஒரு கடிதம் கப்பலேறியது.

பதில் வந்தது.

"'இந்தத் தடவை புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் முழுவதும் புரியவில்லை. நனைந்த தலையைத் துவட்டினீர்களா? புதுக் குடை வாங்கியாயிற்றா? காதர் அண்ணனோடு சண்டை போட வேண்டாம்.'"

"கணக்கிலே குடை எங்கேயப்பா வந்தது?" என்றார் முருகப்பச் செட்டியார்.

முத்துவீரப்பன் மறுபடி பேனாவை எடுத்தான். பையனுக்கு மூளை இல்லாமல் இல்லை. கவனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. உடனே ஒரு வரி எழுதினான்: 'சோமுவுக்குத் தினமும் வெண்டைக்காய் சமைத்துப் போடவும். கணக்கு வரும்.'

"'வெண்டைக்காய் தினமும் ஆகிறது,'" என்று அடுத்த கடிதம் வந்தது. "'அங்கே தங்களுக்கு என்ன சமைக்கிறார்கள்? எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி? கறிகாய் என்ன? அதை வைத்து ஒரு விகிதக் கணக்குப் போட்டு அனுப்பினால் புரியும்.'"

ஆகா, பையனே வழி சொல்கிறான்! முத்துவீரப்பன் சமையற்கட்டுக்குள் புகுந்தான். அரிசியை அளந்தான், தேங்காயை எண்ணினான். சாம்பார் கொதிக்கும் நேரத்தில் சமையற்காரரிடம், "பத்துப் பேருக்கு இவ்வளவு புளின்னா, ஏழு பேருக்கு எவ்வளவு?" என்று கேட்டான். ஏழு பேர்தான் சாப்பிடப் போகிறார்கள் என்று அவர் ஏழு பேருக்கு வடித்தார். அன்றைக்கு மூன்று பேர் பட்டினி. அதில் ஒருவர் முருகப்பச் செட்டியார்.

அதற்கடுத்து பரப்பளவு. கயிறும் கையுமாக முத்துவீரப்பன் கூடத்தை அளந்தான். படுத்திருந்தவர்களைப் புரட்டிவிட்டு அளந்தான். தன் பாய் விரிக்கும் இடம் ஆறடிக்கு மூன்றடி. ஆகப் பதினெட்டுச் சதுர அடி என்று எழுதினான். அதோடு விட்டிருக்கலாம். ஏனோ பேனா நிற்கவில்லை. 'ஊரில் நம் வீட்டு முகப்பு மாத்திரம் இதைப் போல எத்தனை மடங்கு என்று போட்டுப் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தான். எழுதிய வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாடம்தானே, போகட்டும் என்று மடித்தான்.

பதிலை முருகப்பச் செட்டியார் வழக்கம்போல் உரக்கத்தான் படித்தார்.

"'பதினெட்டுச் சதுர அடி புரியவில்லை. அதில் ஜன்னல் இருக்கிறதா?'"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பத்துப் பேரும் தத்தம் பாயைப் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் இருந்தது இரண்டு பேருக்குத்தான்.

முருகப்பச் செட்டியார் மட்டும் தொடையைத் தட்டினார். "எனக்குப் புரிஞ்சிடுச்சப்பா! சோறு என்ன, இடம் எவ்வளவு, ஜன்னல் உண்டா? டேய் முத்துவீரப்பா, உன் மகன் இடம் பாக்கிறான்! அவனுக்குப் படிக்க இஷ்டமில்லே. கப்பலேறிப் பினாங்குக்கு வந்துடணும்னு ஆசை. நீயும் அரிசியை அளந்து, இடத்தை அளந்து எழுதி எழுதி வெத்திலை பாக்கு வச்சு அழைச்சிருக்கே!"

முத்துவீரப்பன் துள்ளி எழுந்தான். ஐயோ! யாரை வரவிடாமல் தடுக்க இத்தனை பாடுபட்டானோ, அவனைத் தானே கைப்பிடித்துக் கப்பலில் ஏற்றுகிறானா?

உடனே புத்தியை மாற்றினான். இனிப் பினாங்கு என்றாலே பையன் நடுங்க வேண்டும். மூட்டைப்பூச்சியை வைத்து ஒரு பெருக்கல் கணக்கு எழுதினான். கொசுவை வைத்து ஒரு கழித்தல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: 'பினாங்கில் ஒருவனுக்குக் காலை ஆறு மணிக்கு நூறு டிகிரி காய்ச்சல். மணிக்கு அரை டிகிரி வீதம் ஏறுகிறது. மாலை ஆறு மணிக்கு எவ்வளவு?'

காதர் அதைப் பார்த்து அதிர்ந்தார். "அண்ணே, நூத்தியாறு டிகிரி ஆவுதுலா! ஆளு மௌத்தாயிருப்பானே! பேரைப் போடலியே, எழுதினவருக்குத்தான் காய்ச்சல்னு நினைச்சிரப் போறாக."

"பையன் பயந்தாச் சரி," என்றான் முத்துவீரப்பன்.

அந்தக் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள், பட்டப்பகலில், கிட்டங்கி வாசலில் தந்திச் சேவகன் வந்து நின்றான்.

தந்தி என்றால் சாவு. வேறெதற்கும் யாரும் தந்தி அடிப்பதில்லை. பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். யார் வீட்டில்? "முத்துவீரப்பன்" என்று சேவகன் பெயர் சொன்னதும், மற்ற ஒன்பது பேரும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, விட்டதற்கு வெட்கப்பட்டு அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். சமையற்காரர் அடுப்பை அணைத்தார். தந்தி இங்கிலீஷில் இருந்தது. படிக்கக் காதரை அழைத்துவர ஆள் ஓடியது. அதுவரை முத்துவீரப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் வாயில் ஒரே ஒரு பெயர் வந்தது. நாச்சம்மை என்ற பெயரைக் கிட்டங்கியில் அவன் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

காதர் வியர்க்க விறுவிறுக்க வந்து தந்தியைப் பிரித்தார். முகம் ஒரு மாதிரிக் கோணியது.

"சொல்லுங்க காதர். எதுவானாலும் சொல்லிடுங்க."

"'காய்ச்சல் கணக்கு புரியவில்லை,'" என்று மொழிபெயர்த்தார் காதர். "'இப்போது எத்தனை டிகிரி?'"

முருகப்பச் செட்டியார் வெடித்தார்.

"தந்தி அடிக்கிற அளவுக்கு ஒருத்தனுக்குக் கணக்குப் புரியலேன்னா, அவனைப் படிக்க வைக்கிறது பாவமப்பா! நீ போதிச்சதும் போதும், அவன் புரிஞ்சுக்கிட்டதும் போதும். பரீட்சை முடிஞ்ச கையோட கப்பலேத்தச் சொல்லி நானே உங்க அப்பச்சிக்கு எழுதறேன்."

எழுதியும் விட்டார். முத்துவீரப்பன் 'காய்ச்சல் இல்லை. அது வெறும் கணக்கு' என்று ஒரே வரி பதில் அனுப்பினான். அதற்கு மேல் பாடம் அனுப்பவில்லை. என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?

பங்குனி போயிற்று. ஊரிலிருந்து மறுப்பு எதுவும் வராததால், பரீட்சை முடிந்து வரும் முதல் கப்பலிலேயே பையன் வந்துவிடுவான் என்று கிட்டங்கியில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். சித்திரையில் நாகப்பட்டினத்துக் கப்பல் வருகிற நாள். முத்துவீரப்பன் காலையிலேயே தன் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினான். பாயைப் பாதியாக மடித்துப் போட்டு, பக்கத்தில் இன்னொரு புதுப்பாயை விரித்துப் பார்த்தான். பதினெட்டில் பாதி ஒன்பது. பையன் குறுக்கிப் படுத்தால் போதும். தலையணைக்குப் புது உறை மாட்டினான்.

படகுத்துறைக்கு நடக்கும்போதுதான் தன் கால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கவனித்தான். பையன் வாழ்க்கை பாழாகிறது என்று எட்டு மாதமாகத் தவித்தவனுக்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் பையனைப் பார்க்கப் போகிறோம் என்பதில் இப்படியா சந்தோஷம் வரும்? சீ, என்று தன்னையே வைதுகொண்டான். கால் கேட்கவில்லை. எவ்வளவு வளர்ந்திருப்பான்? தோள் வரை வருவானா? ஆத்தாவின் சாடை இன்னும் அப்படியே இருக்குமா? இனிமேல் கணக்குப் பாடமும் இல்லை, அந்தப் 'புரியவில்லை'யும் வராது என்று நினைத்தபோது, அதற்கும் ஏன் மனசு கனக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

கப்பலிலிருந்து படகுகள் வந்து ஆட்களை இறக்கின. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான். கடைசியில் தெரிந்த முகம் ஒன்று வந்தது. ஊரில் எதிர்வீட்டுக்காரர் சாத்தப்பன், நாற்பது வயது, பக்கத்துக் கிட்டங்கிக்கு வேலைக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"சாத்தப்பண்ணே! சோமு எங்கே?"

"அவன் எதுக்கு வர்றான்?" சாத்தப்பன் மூட்டையைக் கீழே வைத்தார். "முருகப்பச் செட்டியார் கடுதாசியைப் பாத்து ஊரே சிரிச்சுப்போச்சு. கணக்கிலே நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கியிருக்கானே! பள்ளிக்கூடத்துக்கே முதல். போன வருஷமும் அவன்தான் முதல்."

முத்துவீரப்பன் கரையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பதா, அழுவதா? பையன் தப்பித்தான். இனி அவன் கப்பலேற வேண்டாம். புதுப்பாயைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

"அப்படின்னா..." அவன் கயிற்றை விடவில்லை. "இந்த எட்டு மாசமா கப்பலுக்குக் கப்பல் புரியலே, புரியலேன்னு எழுதினானே, அது என்னண்ணே?"

சாத்தப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவனா எழுதினான்? முதல் கடுதாசிக்கே 'புரிஞ்சது அப்பச்சி'ன்னு எழுதத்தான் போனான். 'புரிஞ்சதுன்னா அதோட உங்க அப்பச்சி எழுதுறதை நிறுத்திடுவாகடா, புரியலேன்னு எழுது'ன்னு பக்கத்திலே உக்காந்து ஒவ்வொரு வரியாச் சொல்லி எழுத வச்சது நாச்சம்மை ஆச்சியில்ல!"